தண்ணீர்க் காசில் கூலிக்காரருக்குப் பங்கு எங்கே? இம்பீரியல் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு திறந்த மடல்

இம்பீரியல் கவுண்டி மேற்பார்வையாளர் குழு உறுப்பினர்கள் ஐவருக்கும், இம்பீரியல் பாசன மாவட்ட இயக்குநர்கள் ஐவருக்கும்,

கொலராடோ ஆற்றை எப்படிப் பங்கிடுவது என்று 2007இல் போட்ட விதிகள் 2026 இறுதியோடு காலாவதியாகின்றன. அடுத்த விதிகளுக்கான பேச்சில் இந்தப் பள்ளத்தாக்கின் பெயரால் உட்கார்ந்திருப்பவர்கள் நீங்கள். எவ்வளவு தண்ணீரை விட்டுக்கொடுப்பது, அதற்கு எவ்வளவு டாலர் கேட்பது என்ற பேச்சுதான் எங்கள் காதில் விழுகிறது. தண்ணீர் நிறுத்தப்பட்ட வயலில் வேலை போகிறதே, அந்த ஆளுக்கு அந்த டாலரில் எவ்வளவு என்று கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை என்பதால் இப்போதே கேட்கிறேன்.

நான் இங்கே, கலிஃபோர்னியாவின் தென்கிழக்கு மூலையில், பயிர் ஆலோசகராக இருக்கிறேன். வயல் வயலாக நடந்து பூச்சி, நோய், உப்பு பார்த்துச் சொல்வது என் தொழில். பிறந்தது காவிரியின் கடைமடையில், திருத்துறைப்பூண்டிப் பக்கம். மேட்டூர் திறந்தாச்சா, தண்ணீர் நம்ம வாய்க்கால் வரை வருமா என்ற பேச்சிலேயே வளர்ந்தவள். அதனால் ஹோல்ட்வில்லிலோ காலிபாட்ரியாவிலோ வாய்க்கால் கரையில் நிற்கும்போது எனக்கு அந்நிய ஊர் என்ற நினைப்பே வருவதில்லை. இந்த மடலின் ஆங்கிலப் படியையும் ஸ்பானியப் படியையும் உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். தமிழில் எழுதவும் ஒரு காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் பதிவில் இருக்கட்டும். இங்கே ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை மூன்று அங்குலம்கூடக் கிடையாது. வயலுக்கும் வீட்டுக்கும் வருகிற ஒவ்வொரு சொட்டும் 80 மைல் நீளமுள்ள ஆல் அமெரிக்கன் கால்வாய் வழியாக கொலராடோவிலிருந்து வருவது. ஒரு ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஒரு ஏக்கர்-அடி. கலிஃபோர்னியாவுக்கு அந்த ஆற்றில் உள்ள 44 இலட்சம் ஏக்கர்-அடியில் 31 இலட்சம் நம் பாசன மாவட்டத்துக்கு, அதாவது இங்கே தண்ணீர் பங்கிடும் பொது அமைப்புக்கு. ஆறு முழுவதிலும் இதைவிடப் பெரிய பங்கு வேறு எந்த ஒரு தனி அமைப்பிடமும் இல்லை. சுமார் 5 இலட்சம் ஏக்கரில் பாசனம் நடக்கிறது. நாடு முழுக்கப் பனி மூடியிருக்கும் மாதங்களில் லெட்டூஸ், ப்ரோக்கலி, கேரட், முட்டைக்கோஸ், வெங்காயம் எல்லாம் இங்கேயிருந்தும் பக்கத்து யூமாவிலிருந்தும்தான் போகின்றன. கவுண்டியின் வேளாண் விளைச்சல் மதிப்பு ஆண்டுக்கு 200 கோடி டாலரைத் தாண்டுகிறது. இதே கவுண்டியில்தான் வேலையில்லாதோர் விகிதம் 17, 18 சதவீதம் என்று நிற்கிறது, நாட்டிலேயே மிக மோசமான இடங்களில் ஒன்றாக, வருடக்கணக்காக. இவ்வளவு விளையும் மண்ணில் இவ்வளவு வேலையின்மை இருப்பதை நாம் இயல்பு என்று ஏற்றுக்கொண்டுவிட்டோம். என்னால் அப்படி ஏற்க முடியவில்லை.

2024 ஆகஸ்டில் பாசன மாவட்டம் மத்திய அரசோடு ஒரு ஒப்பந்தம் போட்டது. 2026 வரை மொத்தம் 7 இலட்சம் ஏக்கர்-அடி வரை தண்ணீரை மிச்சப்படுத்தி கொலராடோவின் பெரிய நீர்த்தேக்கமான மீட் ஏரியில் விட்டுவைப்பது, பதிலுக்கு 50 கோடி டாலருக்கு மேல் மத்திய அரசின் பணம். ஏரிகள் அபாய அளவுக்கு இறங்கியிருந்த நேரம், யாராவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டிய நிலை. நாம் விட்டுக்கொடுத்தோம், அதில் எனக்குக் குறை இல்லை. மிச்சப்படுத்திய வழிகளில் ஒன்று கோடையில் தீவனப் பயிர்களான குதிரைமசால், பெர்முடா புல், க்ளைன் புல் வயல்களுக்கு 45 நாளிலிருந்து 60 நாள் வரை தண்ணீரை நிறுத்துவது. பயிர் ஆலோசகராகச் சொல்கிறேன், இது புத்தியுள்ள முறை. 45 டிகிரி வெயிலில் குதிரைமசால் எப்படியும் தரம் குறைந்துதான் வரும். தண்ணீர் நின்றால் செடி தூங்கிவிடும், வேர் உயிரோடு இருக்கும், மறுபடி தண்ணீர் விட்டால் தழைக்கும். களிமண் வெடித்த சில வயல்களில் செடி அடர்த்தி குறைந்ததைப் பார்த்தேன், ஆனாலும் பொதுவாகப் பயிர் தாங்குகிறது.

தாங்காதது மனிதர்கள். ஆண்டுக்கு எட்டு, ஒன்பது அறுப்பு எடுக்கிற வயலில் ஒன்றோ இரண்டோ அறுப்பு போகிறது என்றால் அந்த அறுப்பு இயந்திரம் ஓட்டுபவருக்கு வேலை இல்லை, ராத்திரி பனிப்பதத்தில் கட்டுக் கட்டுபவருக்கு இல்லை, கட்டுகளைத் தூக்கி அடுக்குபவருக்கு இல்லை, லாரிக்காரருக்கு இல்லை, பழுது பார்க்கும் பட்டறைக்கும் இல்லை. இதற்கெல்லாம் முன்னால் நிற்பவர் தண்ணீர் கட்டுகிறவர். பாசன மாவட்டத்தின் சான்ஹேரோ, அதாவது வாய்க்கால் ஆள், வந்து மதகைத் திறந்துவிட்டுப் போனபின் மண்வெட்டியோடு இரவு முழுவதும் பாத்தி பாத்தியாகத் தண்ணீரை ஓட்டுகிறவர். எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், இந்த வேலையிலேயே தலை நரைத்தவர், எந்த வயல் எந்த மூலையில் தாழும், எங்கே உப்பு பூக்கும் என்று மண் பரிசோதனை அறிக்கை வருவதற்கு முன்பே எனக்குச் சொல்லிவிடுவார். தண்ணீர் நின்ற கோடையில் அவருக்கு ஒரு டாலர் வரவில்லை. வயல் எழுதியிருந்த பெயருக்குக் காசோலை வந்தது. அவர் சான் வாக்கீன் பள்ளத்தாக்குக்குத் திராட்சை வேலைக்குப் போய்க் காருக்குள் படுத்துக்கொண்டார். அவருடைய முதலாளி கெட்டவர் இல்லை. திட்டத்தில் அவருக்கென்று ஒரு வரி எழுதப்படவில்லை, அவ்வளவுதான் விஷயம். எழுதாத வரிக்கு யார் காசு கொடுப்பார்கள்?

அடுத்த அடி 2025இல் விழுந்தது. பிராலி பக்கத்தில் 1947லிருந்து ஓடிய பீட் சர்க்கரை ஆலை மூடப்பட்டது. கலிஃபோர்னியாவில் மிஞ்சியிருந்த கடைசி பீட் ஆலை அது. இந்த நாட்டில் பீட் சர்க்கரைத் தொழில் காலூன்றியதே கலிஃபோர்னியாவில், 1870இல் ஆல்வராடோவில் தொடங்கிய ஆலையில். அந்தக் கதை நம் ஊரில் முடிந்தது. நட்டம் என்றார்கள், இருக்கலாம், கணக்கு என் கையில் இல்லை. ஆனால் ஒரு ஆலை மூடினால் ஆலைத் தொழிலாளி மட்டும் போவதில்லை. இங்கே செப்டம்பர் வாக்கில் விதைத்து ஏப்ரலில் தொடங்கி ஆகஸ்ட் வரை தோண்டுவார்கள், காய்கறி வேலை முடிந்து கை சும்மா இருக்கும் கோடையில் வேலை கொடுத்த பயிர் அது. தோண்டிய பீட்டை இந்த வெயிலில் போட்டு வைக்க முடியாது, உடனே ஆலைக்குப் போக வேண்டும். அதனால் பக்கத்தில் ஆலை இல்லையென்றால் பயிரே இல்லை. சர்க்கரை எடுத்த சக்கை இங்கே உள்ள மாட்டுப் பட்டிகளுக்குத் தீவனமாகப் போனது. லெட்டூஸுக்கும் குதிரைமசாலுக்கும் நடுவே மண்ணுக்கு மாற்றுப் பயிராகவும் அது இருந்தது. உலகத்திலேயே ஏக்கருக்கு அதிக பீட் விளைகிற இடங்களில் ஒன்று இது என்று எங்கள் தொழிலில் எல்லாரும் சொல்வார்கள். அப்படி ஒரு பயிரை ஒரே அறிவிப்பில் இழந்தோம்.

2014இல் பிராலியில் மாட்டிறைச்சி ஆலை மூடியபோது சுமார் 1,300 பேர் தெருவுக்கு வந்தார்கள். அதில் நாம் பாடம் படித்திருந்தால் சர்க்கரை ஆலை விஷயத்தில் முன்னாலேயே ஒரு மேசையைப் போட்டு விவசாயிகளையும் தொழிலாளிகளையும் உரிமையாளரையும் உட்கார வைத்திருப்போம். சில இடங்களில் பீட் விவசாயிகளே கூட்டுறவாகச் சேர்ந்து ஆலையை நடத்துகிறார்கள். இங்கே அது சரிப்படுமா, படாதா என்று எனக்குத் தெளிவாகச் சொல்ல முடியாது, ஆனால் சரிப்படுமா என்று எல்லாரும் அறிய ஒரு பொது ஆய்வாவது நடந்திருக்க வேண்டும்.

இப்போது பழைய ஒப்பந்தத்துக்கு வருகிறேன், ஏனென்றால் புதியதும் அதே தடத்தில் போகிறது. 2002 டிசம்பரில் சான் டியாகோவுக்குத் தண்ணீர் கொடுக்க அன்றைய இயக்குநர்கள் மறுத்தார்கள். உடனே மத்திய அரசு நம் ஒதுக்கீட்டைக் குறைக்கப் பார்த்தது. கழுத்தில் கை வைத்த நிலையில் 2003 அக்டோபரில் கையெழுத்தானது. அதன்படி ஆண்டுக்கு 2 இலட்சம் ஏக்கர்-அடி வரை சான் டியாகோவுக்குப் போகிறது. அந்த அழுத்தத்தை நான் குறைத்துப் பேசவில்லை, இன்று உங்கள் மேலும் அதே அழுத்தம் இருக்கிறது என்று தெரியும். ஆனால் அந்த ஒப்பந்தத்தில்கூட வயல்களைத் தரிசாகப் போடுவதால் உள்ளூருக்கு வரும் இழப்பை ஈடுகட்ட ஒரு தனி நிதி இருந்தது. போதாத நிதி, பகிர்ந்த விதத்திலும் ஆயிரம் சண்டை. ஆனாலும் இழப்பு நிலத்துக்காரருக்கு மட்டும் இல்லை என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். இருபது ஆண்டு கழித்து நாம் அதைவிட ஒரு படி முன்னே போயிருக்க வேண்டும். நான் பார்த்தவரை பின்னே போயிருக்கிறோம்.

கடலைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 1905இல் கொலராடோ கரையை உடைத்துக்கொண்டு வந்து நிரப்பிய பள்ளம்தான் சால்ட்டன் கடல். 1907இல் உடைப்பை அடைத்த பிறகு அதை உயிரோடு வைத்திருந்தது நம் வயல்களின் நிலத்தடி வடிகுழாய் வழியே இறங்கும் கழிவு நீர், அலாமோ ஆறும் நியூ ஆறும் கொண்டுபோய்ச் சேர்ப்பது. வயலில் நாம் மிச்சப்படுத்த மிச்சப்படுத்தக் கடலுக்குப் போவது குறைகிறது. ஈடாகக் கடலுக்கு விட்டுவந்த தண்ணீரும் 2017 முடிவோடு நின்றுவிட்டது. கரை பின்வாங்குகிறது, காய்ந்த அடிமண் காற்றடித்தால் எழும்புகிறது. நைலண்ட், காலிபாட்ரியா, வெஸ்ட்மோர்லண்ட் பக்கம் காற்று அடித்த நாளின் மறுநாள் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் இன்ஹேலரோடு வருகிறார்கள் என்று அங்கே வேலை செய்கிற என் தோழி சொல்வாள். அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மா யார்? பெரும்பாலும் அதே வயல் வேலைக்காரர்கள். தண்ணீர் போனதால் கூலி போனது அவர்களுக்கு, தூசி வந்ததும் அவர்கள் வீட்டுக்குத்தான். ஏக்கர்-அடிக்கு இத்தனை டாலர் என்று விலை பேசும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துப் பேச வேண்டாமா?

"தண்ணீர் நிலத்தோடு வருகிற உரிமை, அதற்கான பணம் நிலத்துக்காரருக்குத்தான்" என்று சிலர் சொல்வார்கள், உங்கள் கூட்டங்களில் சொல்லியும் இருப்பார்கள். 2020இல் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம், அபாட்டி என்ற விவசாயி பாசன மாவட்டத்தின் மேல் போட்ட வழக்கில், இதற்கு நேராகப் பதில் சொல்லிவிட்டது. நீர் உரிமை பாசன மாவட்டத்திடம் உள்ளது, மாவட்டம் அதைப் பயனாளிகளுக்காகப் பொறுப்பேற்று வைத்திருக்கிறது, விவசாயிக்கு இருப்பது தண்ணீர்ச் சேவை பெறும் உரிமைதான் என்பது அந்தத் தீர்ப்பு. மாநில உச்ச நீதிமன்றமும் மறுபரிசீலனை செய்ய மறுத்துவிட்டது. அந்த வழக்கில் இந்த வாதத்தை முன்வைத்து நின்றதே பாசன மாவட்டம்தான், அதாவது நீங்கள்தான். நீதிமன்றத்தில் "தண்ணீர் எல்லாருக்கும் பொது" என்று வாதாடி வென்றுவிட்டு, பணம் வரும்போது மட்டும் அது வயல் கணக்குக்குப் போனால் சரி என்று எப்படி இருக்க முடியும்? விவசாயிக்குப் பங்கு வேண்டும், நிச்சயம் வேண்டும், நட்டம் அவருக்கும்தான். ஏக்கர்-அடிக்கு 20 டாலர் கட்டி வாங்கிய தண்ணீரை விட்டுக்கொடுக்கச் சொன்னால் அவருக்கு ஈடு கொடுப்பது நியாயம். மீதியைப் பற்றித்தான் கேட்கிறேன்.

இந்த ஊரில் யார் உழைப்பது, யார் பேரில் எழுதுவது என்ற கேள்வி புதிதும் இல்லை. நூறு ஆண்டுக்கு முன் பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் இதே மண்ணில் பருத்தியும் முலாம்பழமும் போட்டார்கள். 1913, 1920 ஆண்டுகளின் நிலச் சட்டங்கள் அவர்கள் பேரில் நிலம் வைக்கவும் குத்தகை எடுக்கவும் தடை போட்டன. பலர் மெக்சிகோப் பெண்களைக் கல்யாணம் செய்து இங்கேயே குடும்பமானார்கள், அந்தப் பெயர்களை இன்றும் கல்லறைகளில் பார்க்கலாம். அவர்களுக்கு நடுவே இங்கே லெட்டூஸ் போட்டுக்கொண்டிருந்த தலிப் சிங் சவுந்த், 1946 சட்டம் வந்த பிறகுதான் குடியுரிமை பெற முடிந்தவர், வெஸ்ட்மோர்லண்டில் நீதிபதியாகத் தேர்வாகி, 1956இல் இந்தப் பகுதியிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே போனார், அங்கே போன முதல் ஆசிய அமெரிக்கர். அடுத்து பிராலியில் பென் யெல்லன் என்ற மருத்துவர். மத்திய அரசின் நீர்த் திட்டத்தில் பயன்பெறுவோருக்கு 160 ஏக்கர் என்ற வரம்பு 1902 சட்டத்தில் இருக்கிறதே, அது இங்கே ஏன் செல்லாது என்று வருடக்கணக்காகப் போராடினார். 1980இல் உச்ச நீதிமன்றம் இங்கே அந்த வரம்பு பொருந்தாது என்று சொல்லிவிட்டது. நடுவே 1979இல் லெட்டூஸ் வேலைநிறுத்தம், அதில் ருஃபினோ கொன்ட்ரேராஸ் என்ற இளைஞர் வயலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இவ்வளவுக்கும் பிறகு இன்றும் தண்ணீர் பேச்சு நடக்கும் மேசையில் வயலில் நிற்கிறவருக்கு ஒரு நாற்காலி இல்லை.

லித்தியம் வருகிறது, பொறுங்கள் என்பீர்கள். வரட்டும், நானும் விரும்புகிறேன். கடலின் தென்கிழக்கு முனையில் பூமிக்கடியில் கொதிக்கும் உப்புநீரில் 37 கோடிக்கும் மேற்பட்ட மின்வண்டி பேட்டரிகளுக்குப் போதுமான லித்தியம் இருக்கலாம் என்று 2023இல் மத்திய எரிசக்தித் துறையின் ஆய்வு சொன்னது. 2022இல் மாநிலம் எடுக்கும் லித்தியத்துக்கு டன்னுக்கு இவ்வளவு என்று வரியும் போட்டது, அதில் பெரும் பங்கு கவுண்டிக்கு. அப்புறம் லித்தியம் விலை சரிந்தது, வேலைகள் இழுத்துக்கொண்டே போகின்றன. கல்லூரியில் அதற்கென்று பாடம் தொடங்கிப் பிள்ளைகளும் படித்தார்கள், படித்த பிள்ளைகளுக்கு ஆலை எங்கே? அதே இடத்தில் 1980களிலிருந்து பூமி வெப்பத்தில் மின்சாரம் எடுக்கிறார்கள், விளைநிலத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர் சூரியத் தகடு போட்டிருக்கிறார்கள். மின்சாரத்தின் பெரும்பகுதி வெளியே போகிறது, தகடு பொருத்தியபின் அந்த நிலத்தைப் பார்த்துக்கொள்ள நாலு ஆள் போதும். குதிரைமசால் வயலில் இருந்த வேலைகூட அதில் இல்லை. தண்ணீர் போனது, மின்சாரம் போகிறது, நாளை லித்தியமும் போகும். போகும்போது இங்கே எதை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று இப்போது எழுதாவிட்டால் அப்போது எழுத முடியாது.

இனி தமிழில் எழுதிய காரணம். சான் டியாகோவில் நிறையத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன, அவர்கள் வீட்டுக் குழாயில் வருவதில் பெரும் பங்கு இந்தப் பள்ளத்தாக்கின் தண்ணீர். பே ஏரியாவில் மின்வண்டியிலும் பேட்டரியிலும் வேலை செய்கிற தமிழர்களும் இருக்கிறார்கள். ஜனவரியில் அவர்கள் சாலட்டில் இருக்கும் இலை இங்கே வெட்டியது. அவர்களில் நிறையப் பேருக்கு இம்பீரியல் என்றால் யூமாவுக்குக் காரில் போகும்போது வழியில் வரும் வெயில். அவர்களைக் குறை சொல்லவில்லை, யாரும் சொல்லாமல் எப்படித் தெரியும்? சான் டியாகோத் தமிழர்களே, உங்களுக்கு வாக்கிருக்கிறது, உங்கள் தண்ணீர் வாரியத்தில் கேள்வி கேட்க இடமிருக்கிறது. நாம் கட்டும் தண்ணீர்க் கட்டணத்தில் இம்பீரியல் தொழிலாளிக்கு ஏதாவது போகிறதா என்று ஒரு கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். மேலே இருப்பவன் மதகை மூடினால் கீழே என்ன ஆகும் என்று தமிழர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே நமக்கும் கீழே, எல்லைக்கு அப்பால், மெக்சிகோவின் மெக்சிகாலி இருக்கிறது. ஆல் அமெரிக்கன் கால்வாயின் ஒரு பகுதிக்குச் சிமெண்ட் பூசிக் கசிவை நிறுத்தியபோது அந்தக் கசிவில் ஊறிய கிணறுகளை நம்பியிருந்த அந்தப் பக்கத்து விவசாயிகள் தவித்தார்கள். தினமும் நம் வயலுக்கு வருகிறவர்கள் பலர் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறார்கள்.

மேற்பார்வையாளர்களே, இயக்குநர்களே, நான் கேட்பவை இவை.

2026க்குப் பிறகு நீங்கள் கையெழுத்திடும் எந்தத் தண்ணீர் ஒப்பந்தத்திலும், வருகிற பணத்தில் பத்தில் ஒரு பங்கு வயல் தொழிலாளர் இழப்பீட்டு நிதிக்கு என்று ஒப்பந்தத்துக்குள்ளேயே எழுதுங்கள், பிறகு தீர்மானம் போடுகிறோம் என்று தள்ளாதீர்கள். தண்ணீர் கட்டுபவர், அறுப்பவர், கட்டுக் கட்டுபவர், லாரி ஓட்டுபவர் எல்லாரும் அதில் வர வேண்டும், சம்பளச் சீட்டு இந்தக் கவுண்டி வயலுடையது என்றால் போதும், இரவில் எல்லைக்கு எந்தப் பக்கம் தூங்குகிறார் என்று பார்க்க வேண்டாம். அந்த நிதியை நடத்தும் குழுவில் பாதிப் பேர் தொழிலாளர்களாக இருக்கட்டும்.

2024 ஒப்பந்தப் பணத்தில் இதுவரை எவ்வளவு யாருக்குப் போனது, எத்தனை ஏக்கருக்கு, நிலத்துக்காரர் உள்ளூரில் இருக்கிறாரா வெளியூரா என்று எல்லாரும் பார்க்கும்படி ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் வெளியிடுங்கள். பொறுப்பேற்று வைத்திருக்கும் சொத்துக்குக் கணக்கு காட்டுவது உங்கள் கடமை.

சர்க்கரை ஆலைக்காக கவுண்டி ஒரு பொதுக் கூட்டம் கூட்ட வேண்டும். அந்த இடம், அந்த இயந்திரங்கள், பீட் போட்ட நிலங்கள் என்ன ஆகப்போகின்றன, கூட்டுறவாகவோ வேறு பதப்படுத்தும் ஆலையாகவோ மாற்ற வழி உண்டா என்று வெளியாட்களைக் கொண்டு ஆய்வு செய்து அறிக்கையைப் பொதுவில் வையுங்கள். ஹோல்ட்வில்லில் பல்கலைக்கழகத்தின் பாலைவன ஆராய்ச்சி நிலையம் 1912லிருந்து இருக்கிறது, கோடையில் வேலை தரும் மாற்றுப் பயிரைத் தேட அவர்களிடம் பணம் கொடுத்துக் கேளுங்கள், என்னைப் போன்றவர்கள் வயலில் நின்று உதவத் தயார்.

இனி மிச்சப்படுத்தும் ஒவ்வொரு ஏக்கர்-அடிக்கும் கடற்கரையில் எவ்வளவு மண் வெளியே வரும், அதை மூட என்ன செய்வீர்கள், யார் செலவில் என்று ஒப்பந்தத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். கடலைச் சுற்றியுள்ள ஒவ்வொரு பள்ளியிலும் காற்றுத் தரக் கருவி இருக்க வேண்டும், அளவு மீறினால் அன்று பிள்ளைகளை வெளியே விளையாட விடக் கூடாது என்ற எளிய நடைமுறையும் வேண்டும்.

லித்தியத்துக்கும் சூரிய மின்சாரத்துக்கும் அனுமதி கொடுக்கும்போது இத்தனை சதவீத வேலை இங்கே உள்ளவர்களுக்கு என்று அனுமதிப் பத்திரத்திலேயே நிபந்தனை போடுங்கள், மீறினால் அபராதமும் போடுங்கள். லித்தியம் வரி வரும்போது அதைச் செலவழிப்பதில் நைலண்டுக்கும் காலிபாட்ரியாவுக்கும் பேச்சுரிமை மட்டும் போதாது, வாக்கும் வேண்டும்.

காலெக்சிகோ எல்லையில் குளிர்காலத்தில் அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கே வரிசை. கடந்து வந்தவர்கள் வேலைக்கு வண்டி வரும்வரை நடைபாதையில் சுருண்டு படுத்திருப்பதை லெட்டூஸ் பருவத்தில் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். அங்கே கழிப்பறை, குடிநீர், கூரை வேண்டும். இதற்கு வாஷிங்டனிலிருந்து அனுமதி தேவையில்லை, நகர நிர்வாகத்தோடு பேசி இந்தப் பருவத்துக்குள் செய்துவிடலாம்.

கடைசியாக, தண்ணீர் பற்றிய உங்கள் கூட்டங்களின் நேரம். வார நாளில் வைத்தால் பகலில் இவர்கள் வயலில் இருப்பார்கள், நள்ளிரவு தாண்டியதும் எழ வேண்டியவர்கள் மாலையிலும் வர முடியாது. ஞாயிறு மதியம் வையுங்கள், ஹீபரில் ஒன்று, நைலண்டில் ஒன்று, ஸ்பானிய மொழிபெயர்ப்போடு. புதிய ஒப்பந்தத்தின் வரைவை அதற்கு 30 நாள் முன்னதாக வெளியிடுங்கள். இந்த மடலில் கேட்ட ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை, ஏன் என்று எழுத்தில் பதில் தாருங்கள், கையெழுத்திடுவதற்கு முன்னால்.

எல் சென்ட்ரோவிலிருந்து
ஒரு பயிர் ஆலோசகர்